முதலில் தொட்ட காய்

லேப்டாப் ஒருத்தியின் அறையிலும், அதன் சார்ஜர் இன்னொருத்தியின் தலையணைக்கு அடியிலுமாக அந்த வீட்டைப் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம்.

விடிந்தபோது லேப்டாப் அணைந்து கிடந்தது. சார்ஜர் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த வீட்டில் மூன்று பேர். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி செய்து கொடுக்கும் கண்ணாடிக்காரர். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி. படித்து முடித்ததும் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சதுரங்கமே கதி என்று இருக்கும் அவர் தங்கை. போட்டி வட்டாரத்தில் மனைவிக்கு 'ஃப்ரிட்ஜ்' என்று பெயர். எதிராளி எதைச் செய்தாலும் அவள் முகம் சூடாகாது. தங்கைக்குப் 'பட்டாசு'. காரணம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே சாப்பாட்டு மேஜையில், ஒரே லேப்டாப்பில், தோளோடு தோள் இடித்துப் பயிற்சி செய்கிறவர்கள்.

நேற்று சாயங்காலம் வரை.

தேசிய அணிக்கு இந்தப் போட்டியிலிருந்து ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்று பாக்கி. புள்ளிகளில் அண்ணி முதலாவது, அவளுக்கு அரைப் புள்ளி பின்னால் பட்டாசு. கம்ப்யூட்டர் உறவுமுறை பார்க்காமல் இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்துவிட்டது. டிரா ஆனால்கூட இடம் அண்ணிக்கு. பட்டாசுக்கு ஜெயித்தே ஆகவேண்டும்.

சமையலறையில் முட்டை வெந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"முட்டை வெந்துருச்சா?"

"வெந்துட்டிருக்கு. நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க."

"நான் என்ன சொல்ல வந்தேன்?"

"முட்டையப் பத்திக் கேக்கறதுக்கு யாரும் கதவச் சாத்திட்டு வர மாட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேசச் சங்கடமான எதையும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசியதில்லை.

"அவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. உனக்கு வேலை இருக்கு. வீடு இருக்கு. நான் இருக்கேன்."

"உங்களக் கழுத்துல மாட்டிக்கிட்டு மேடையில நிக்க முடியுமா?"

"விளையாட்டா பேசாதே."

"விளையாட்டப் பத்தித்தானே பேச வந்தீங்க? சரி. அப்போ நான் தோக்கணும்."

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படி அர்த்தம் வராத மாதிரி இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க."

அவர் வாயைத் திறந்தார். சொல்லிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி பல வருஷம் ஆடவில்லை. இரவு வேலை, பகல் தூக்கம், வாடகை வீடு மாற்றம் என்று காய்ப்பெட்டி பரணிலேயே கிடந்தது. அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, "வாங்க அண்ணி, ஒரு ஆட்டம்" என்று முதலில் கூப்பிட்டவள் பட்டாசுதான். அது இருவருக்கும் நினைவிருந்தது. அதுதான் இன்றைய சிக்கல்.

"கேளுங்க" என்றாள் அண்ணி, அடுப்பை அணைத்துவிட்டு. "அடுத்த வருஷம் எனக்கு இந்த வாய்ப்பு வராது. இப்பவே கூட ஆடற பொண்ணுங்க என்ன ஆன்ட்டிங்கறாங்க. ஆனா அதுகூட இல்ல. நான் விட்டுக்கொடுத்தா அவ கண்டுபிடிச்சிருவா. என் ஆட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கண்டுபிடிச்சா ஜென்மத்துக்கும் என் முகத்துல முழிக்க மாட்டா."

கதவு தட்டப்பட்டது. பட்டாசு. கையில் காலணி.

"நான் டாக்ஸி சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் உங்க வண்டியில வாங்க."

"ஒரே இடத்துக்குத்தானே போறோம்?" என்றார் அண்ணன்.

"எதிராளி கூட ஒரே வண்டியில போனா வழியில என்ன பேசறது, அண்ணா?"

அண்ணி ஒரு முட்டையை உரித்து டப்பாவில் வைத்து நீட்டினாள். "வெறும் வயித்தோட உக்காராதே. போன தடவை தலை சுத்திச்சு."

பட்டாசு டப்பாவைத் திறந்து பார்த்தாள். "உப்பு போட்டிருக்கீங்களா, விஷமா?"

"உப்பு. விஷம் தீந்துபோச்சு."

பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவள் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சிரித்தாள்.

*

ஆட்டம் நடந்த கூடம் ஏதோ ஒரு காலத்தில் கிடங்காக இருந்திருக்க வேண்டும். ஜன்னல்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றின் வழியே இறங்கிய வெளிச்சம் மேஜைகளின் மேல் நீளத் துண்டுகளாகக் கிடந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் கடிகாரப் பொத்தான்கள் அழுந்தும் சத்தம் மட்டுமே கேட்டது. கூரைக்கு மேலே யாரோ விதை தூவிக்கொண்டு போவதுபோல.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் மேஜைகளுக்கும் நடுவே ஒரு கயிறு. கண்ணாடிக்காரர் அந்தக் கயிற்றை ஒட்டி, முதல் மேஜைக்கு நேரே நின்றார்.

அண்ணியும் பட்டாசும் கை குலுக்கினார்கள். வீட்டில் எத்தனையோ ஆட்டம் ஆடியிருந்தும் அவர்கள் கை குலுக்கிக்கொண்டதே இல்லை. பட்டாசின் கை சில்லென்றிருந்தது. அண்ணியின் கை சூடாக இருந்தது. பெயருக்கு நேர்மாறாக.

பட்டாசுக்கு வெள்ளை.

ஒருத்தியின் தொடக்க நகர்த்தல்கள் எல்லாம் இன்னொருத்திக்குத் தெரியும் என்றால் என்ன செய்வது? இருவரும் இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருந்தார்கள். பட்டாசு தன் வழக்கமான வழியிலேயே வேகமாக வந்தாள். அண்ணிதான் மாறினாள். வீட்டு மேஜையில் ஒருநாளும் ஆடாத ஒன்றை ஆடினாள். நடுச் சிப்பாய்களை வெட்டிக்கொடுத்து, பலகையின் நடுவே ஒரு நேர்ப்பாதையைத் திறந்துவிட்டாள். மதில் மேல் பூனையாக இருந்தவள் மதிலையே இடித்தாற்போல.

பட்டாசின் ராஜா இன்னும் நடுவில்தான் நின்றிருந்தது.

தன் முறை இல்லாதபோது எழுந்து மற்ற மேஜைகளைச் சுற்றிப் பார்ப்பது பட்டாசின் பழக்கம். அப்படி அவள் போயிருந்தபோது அண்ணி தன் ராணியை அந்தத் திறந்த பாதைக்குக் கொண்டுவந்து, எதிரி ராஜாவுக்கு நேரே நிறுத்தினாள். பட்டாசின் குதிரை ஒன்று குறுக்கே நின்றதால் இன்னும் 'செக்' ஆகவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

பட்டாசு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். விறுவிறுவென்று வந்தாள். நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய் ஒளித்தாக வேண்டும். சதுரங்கத்தில் அதற்குக் கோட்டை கட்டுவது என்று பெயர். ராஜாவும் யானையும் ஒரே முறையில் சேர்ந்து நகரும் ஒரே நகர்த்தல் அது.

அவள் கை யானையை எடுத்தது. வைத்தது. பிறகு ராஜாவை எடுத்து அதற்கு அந்தப் பக்கம் வைத்தது. பொத்தானைத் தட்டியது. எல்லாம் ஒரு மூச்சில்.

அண்ணி பலகையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால் யானை மட்டும்தான் நகர்ந்ததாகக் கணக்கு. ராஜா பழைய இடத்துக்குத் திரும்பி, நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இது பட்டாசுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் ஒரு பழைய பலகை இருந்தது. அதன் வெள்ளை ராஜாவின் அடியில் ஈயம் கழன்றுபோய், தனியே நிறுத்தினால் சாய்ந்துவிடும். அதனால் அந்த வீட்டில் முதலில் யானையை நகர்த்துவார்கள். பிறகு ராஜாவைக் கொண்டுவந்து, காய்ச்சல் வந்த ஆளைச் சுவரில் சாய்ப்பதுபோல அதன்மேல் சாய்த்து வைப்பார்கள். அண்ணன், தங்கை இருவருக்கும் கை அப்படித்தான் பழகியது. கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துச் சத்தம் போட்டவள் அண்ணி: "இது உங்க வீட்டுச் சட்டம். வெளிய போனா மாட்டிக்குவே." பட்டாசு மாற்றிக்கொண்டாள். ஆனால் அவசரம் என்று வரும்போது கை பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

அண்ணியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். யாரும் கவனிக்கவில்லை. நடுவர் வேறொரு மேஜையில் குனிந்திருந்தார். பேசாமல் இருந்தால் வீட்டில் நிம்மதி.

பேசாமல் இருந்தால் அதுதானே விட்டுக்கொடுப்பது?

அண்ணி கடிகாரத்தின் நடுப்பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினாள். கையைத் தூக்கினாள்.

*

நடுவர் நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"என்ன?" கிசுகிசுப்பாக.

"யானையத் தொட்டுட்டு அப்புறம்தான் ராஜாவ எடுத்தா."

நடுவர் பட்டாசின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"இல்ல. ராஜாவத்தான் முதல்ல தொட்டேன்."

பொய் என்று தெரிந்து சொன்ன பொய் அல்ல அது. உண்மையா என்று திரும்பிப் பார்க்காமல் சொன்ன சொல். சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுப்பதுபோல அவள் வாய் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ராஜாவத்தான்."

நடுவர் பக்கத்து மேஜைக்காரர்களைப் பார்த்தார். இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரவர் ஆட்டமே அவரவருக்குப் பெரும்பாடு. நடுவர் கயிற்றுப் பக்கம் பார்த்தார்.

"அங்க யாராவது பார்த்தீங்களா?"

முதல் மேஜைக்கு நேரே நின்றவர் ஒருவர்தான். அவரும் பார்த்தார், பார்த்தது என்ன என்றும் அவருக்குத்தான் தெரியும். அவர் கையும் அதே பலகையில் பழகிய கை.

அண்ணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்பக் கவனமாக. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற மனுஷன், தன் முகத்துக்கு முன்னால் நடந்ததைப் பார்க்கச் சக்தியில்லாமல், இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் நடுவர், அண்ணியிடம். "ஆட்டம் தொடரட்டும்."

கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததை வேடிக்கை பார்த்தவர்கள் நம்பவில்லை. ஃப்ரிட்ஜ் சூடானாள். பலகையில் அவள் கண் இருந்தது. மனம் கயிற்றுப் பக்கம் கிடந்தது. நாத்தனார் அப்படிச் சொன்னது பெரிதாக வலிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பயம். அவருக்கு என்ன பயம்? துடைத்தாரே, துடைத்தாரே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு குதிரையைத் தப்பான பக்கம் தாவவிட்டாள்.

பட்டாசு ஒரு சிப்பாயை வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் ராஜாவைச் சுற்றி இருந்த சுவரில் விரிசல் விழுந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது: இனி இது நேரம் பிடிக்கும், ஆனால் முடிந்த ஆட்டம்.

பட்டாசு தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

தண்ணீர் மேஜை கயிற்றின் ஓரத்தில். அண்ணன் அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்ப்பவர்களோடு பேசக் கூடாது. அவள் பேசவில்லை. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு, 'எப்படி?' என்பதுபோல ஒரு பெருமிதத்தோடு அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்தார்.

சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு, "நான் இல்லம்மா" என்றபோது அவர் பார்த்த அதே தரை. அவர் அப்படிப் பார்த்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார். ஆனால் இங்கே அவர் எதையும் உடைக்கவில்லையே?

அப்படியென்றால் எதைப் பார்த்திருந்தார்? டம்ளரைப் பாதியிலேயே வைத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில், மடியில் கிடந்த வலது கையை மெல்ல நகர்த்திப் பார்த்தாள். யோசிக்காமல், அவசரமாக, அப்போது செய்ததுபோல. கை முதலில் யானை நிற்கும் மூலைக்குப் போனது.

இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் மூலைக்கே போனது.

எதிரே அண்ணி தலையை இரண்டு கைகளிலும் தாங்கி, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். முறைப்பு இல்லை. முணுமுணுப்பு இல்லை. அவள் குரலை நம்ப அந்தக் கூடத்தில் ஒருவர்கூட இல்லாதபோதும் ஒழுங்காக நகர்த்தி, ஒழுங்காக எழுதி, ஒழுங்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

பட்டாசு நெடுநேரம் யோசித்தாள். அவள் இவ்வளவு நேரம் யோசித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு ஒரு யானையை ஒரு கட்டம் நகர்த்தினாள். நிமிர்ந்தாள்.

"டிரா?"

பொத்தானை அழுத்தினாள்.

ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் சொல்ல விதி அனுமதிக்கும் சொற்கள் மிகக் கொஞ்சம். இருப்பவற்றில் அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. சரி, தெரிந்துகொண்டுவிட்டாள்.

வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. 'உன் தயவு எனக்கு வேண்டாம், ஜெயித்துவிட்டுப் போ.' சொல்லியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! ஆனால் அண்ணிக்கு அந்த இடம் வேண்டும். பரணிலிருந்து பெட்டியை இறக்கிய நாளிலிருந்து வேண்டும். அதைவிட, இது தயவும் இல்லை. ராஜா நடுத்தெருவில் நின்றிருக்க வேண்டிய ஆட்டம் இது.

கையை நீட்டினாள். பட்டாசு பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை இருவர் கையும் ஒரே சூட்டில் இருந்தன.

*

நடைபாதையில் கூட்டம் பட்டாசைச் சூழ்ந்துகொண்டது.

"ஜெயிச்ச ஆட்டமாச்சே! ஏம்மா விட்டே?"

"அண்ணிக்காகத்தான். வேற என்ன? இந்தக் காலத்துல எந்த நாத்தனார் இப்படிச் செய்வா?"

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காது."

பட்டாசு எதற்கும் பதில் சொல்லவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணி சுவரோரமாகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிய இடம் கையில் ஒட்டாமல் இருந்தது.

கண்ணாடிக்காரர்தான் பூரித்துப்போயிருந்தார். காலையிலிருந்து அவர் நெஞ்சை அழுத்தியது இறங்கிவிட்டது. யாரும் தோற்கவில்லை, யாரும் அழவில்லை. துடைத்தது தப்பாகப் போகவில்லை. நிம்மதி வந்தால் சிலருக்கு நாக்கு நீளும்.

"என் தங்கச்சி தங்கம் சார்" என்றார், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம். "காலையிலகூட வீட்டுல பேசினேன். விட்டுக்கொடுத்துப் போங்க, யாரு ஜெயிச்சாலும் வீட்டுக்குள்ளதானேன்னு."

முன்பின் தெரியாதவர் சிரிக்கவில்லை.

"காலையிலயே பேசிட்டீங்களா?"

"ஆமா சார். சமையல்கட்டுல வச்சு."

"நல்லதுங்க. நான் மூணாவது இடத்துல இருக்கற பொண்ணோட அப்பா. இதையே கொஞ்சம் நடுவர்கிட்டயும் வந்து சொல்றீங்களா?"

*

நடுவரின் அறையில் மடக்கு நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உட்கார ஒன்றைத்தான் விரித்திருந்தார்கள். அதில் நடுவர் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் நின்றார்கள். மூன்றாவது இடத்துப் பெண்ணின் அப்பா கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"முடிவ முன்னாடியே பேசி வச்சு ஆடினா ரெண்டு பேரையும் நீக்கணும்" என்றார் நடுவர். "இடம் மூணாவது பொண்ணுக்குப் போகும். சாயங்காலத்துக்குள்ள நான் பேரு அனுப்பியாகணும். அதனால சுத்தி வளைக்காம சொல்லுங்க." பட்டாசைப் பார்த்தார். "உனக்கு ஜெயிச்சாத்தான் இடம். ஜெயிக்கற ஆட்டம். எதுக்கு டிரா கேட்டே?"

பட்டாசு அண்ணனைப் பார்க்கவில்லை.

"அண்ணி சொன்னதுதான் நிஜம். யானையத்தான் முதல்ல தொட்டேன். நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். அப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது."

அண்ணியின் கை தானாக நாத்தனாரின் முழங்கையைப் பிடித்தது.

"பாத்தீங்களா?" என்றார் கதவருகே நின்றவர். "இப்போ அண்ணிய காப்பாத்த இன்னொரு கதை. விட்டுக்கொடுக்கறதுல இந்தப் பொண்ணு கெட்டிக்காரி."

"கதை இல்ல சார்!"

"அப்போ கேட்டதுக்கு இல்லைன்னே" என்றார் நடுவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இப்போ ஆமாங்கறே. ரெண்டுல எத நான் நம்பறது?"

"நான் பார்த்தேன்."

சொன்னவர் கண்ணாடிக்காரர். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"யானையத்தான் முதல்ல எடுத்தா. நான் கயித்துக்கிட்டயே நின்னேன். தெளிவாப் பார்த்தேன்."

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அப்போ கயித்துப் பக்கம் கேட்டேனே. நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

அவர் கை கண்ணாடியைக் கழற்றப் போய், பாதியில் இறங்கியது.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"இவளுக்கு அண்ணன்." கொஞ்சம் நிறுத்தி, "இவங்களுக்கு வீட்டுக்காரர்."

"காலையில சமையல்கட்டுல பேசி வச்சதா இவர்கிட்ட சொன்னது?"

"அதுவும்... நான்தான். ஆனா அது அப்படி இல்லம்மா, நான் சொன்னது வேற..."

நடுவர் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாரும் வெளிய இருங்க. சார், நீங்களும்தான். இந்தப் பொண்ணு மட்டும் இருக்கட்டும்."

அண்ணி முழங்கையை விட மனமில்லாமல் விட்டாள். கதவு சாத்தப்பட்டது. மூன்றாவது இடத்துப் பெண்ணின் அப்பா போனை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கோடிக்குப் போனார்.

உள்ளே ஒரு பெட்டி திறக்கும் சத்தம். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, பலகையில் காய்கள் வைக்கப்படும் சத்தம்.

"காய் அடுக்கறாங்க" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக. "எதுக்கா இருக்கும்?"

"அவ கை முதல்ல எங்க போகுதுன்னு பாக்க" என்றாள் அண்ணி.

"நான் சொல்லிட்டேன்ல? இப்பவாவது சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் இப்படிப் பாக்கறே?"

அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கண்களுக்கும் நடுவே இருந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளும் பளிச்சென்று, ஒரு தூசி இல்லாமல் இருந்தன.

"அப்பவே சொல்லியிருந்தா நீங்க சாட்சிங்க" என்றாள். "இப்போ வெறும் சொந்தக்காரர்."